மண்ணீரல் இல்லாதவருக்கு மூட்டு மாற்று அறுவை: தொற்று வராமல் காக்கும் முழுமையான வழிகாட்டி

இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ மாற்றப்போகிறவருக்கு மண்ணீரல் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், அவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் அறுவைக்கு மூன்று மாதம் முன்பே இதைப் படித்துவிடுவது நல்லது.

அறுவைக்கு நோயாளிகளைத் தயார்படுத்தும் வேலையில் ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மண்ணீரலை எடுத்தபோது இருந்த மருத்துவர், "காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். மூட்டு மாற்றும் மருத்துவர், "என்னைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் சாப்பிடாதீர்கள்" என்பார். இரண்டும் சரியான அறிவுரைதான். ஆனால் நடு இரவில் உடம்பு தூக்கிப்போடும்போது எதைக் கேட்பது? அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. அறுவைக்கு முன்பே முடிவெடுத்து எழுதி வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளில் பாதி, அந்த ஒரு முடிவுக்கான ஏற்பாடுதான்.

மருந்தின் பெயரும் அளவும் உங்கள் மருத்துவர் உறுதி செய்ய வேண்டியவை. எதை, எப்போது, ஏன் கேட்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

1. மண்ணீரலின் நிலையை உறுதி செய்யுங்கள்

விபத்தில் அடிபட்டு மண்ணீரலை எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மூட்டு மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. "அது பழைய கதை" என்று நினைத்துவிடுகிறார்கள். மண்ணீரல் இல்லாததால் வரும் ஆபத்து முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அதிகம், ஆனால் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். அதனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எடுக்காமலேயே மண்ணீரல் செயலிழந்தவர்களும் உண்டு. அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே மண்ணீரல் சுருங்கிப் பயனற்றுப் போகும். அதே நோய் தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்தம் போகாமல் செய்வதால், இளம் வயதிலேயே இடுப்பு மூட்டு மாற்ற வேண்டியும் வரும். ஆகவே இந்த வழிகாட்டி இவர்களுக்கு முழுமையாகப் பொருந்தும். வயிற்றுப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) உள்ளவர்கள் சிலருக்கும் மண்ணீரல் மந்தமாக இருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால், ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். சிவப்பணுக்களுக்குள் 'ஹோவெல்-ஜாலி' துகள்கள் தெரிந்தால், அவற்றை நீக்க வேண்டிய மண்ணீரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

2. இரண்டு ஆபத்துகளையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இவை இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர்.

முதல் ஆபத்து ரத்தத்தில். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி வகை போன்ற கிருமிகள் தங்களைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஓடும் அந்த உறைக் கிருமிகளை வடிகட்டுவதும், அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருளை வேகமாக உருவாக்குவதும் மண்ணீரலின் வேலை. அது இல்லாதபோது சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்குவது, ஒன்றிரண்டு நாளுக்குள், சில சமயம் சில மணி நேரத்திலேயே, உயிரைப் பறிக்கும் ரத்தத் தொற்றாக மாறிவிடும். இது அபூர்வம்தான். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து மூட்டில். செயற்கை மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாகப் போகாது. பெரும்பாலும் இது தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி. முதல் முறை மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இது வருகிறது.

முதல் ஆபத்தில் மணிக்கணக்கு முக்கியம். இரண்டாவதில் கிருமி எது என்று சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம். இரண்டு மருத்துவர்களின் அறிவுரையும் மோதுவது இதனால்தான்.

3. அறுவைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தடுப்பூசி போடுங்கள்

தேதி குறித்த பிறகு தடுப்பூசியை நினைப்பவர்கள்தான் அதிகம். கணக்கு எளிது. சில ஊசிகளின் இரண்டு தவணைகளுக்கு நடுவே 8 வாரம் வேண்டும். கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் நடுவே 2 வாரம் வேண்டும், எதிர்ப்பொருள் உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஆக, எந்த ஊசியும் போடாதவருக்குக் குறைந்தது 10 வாரம். மருந்து வாங்க, சளி காய்ச்சலால் தள்ளிப்போக என்று சேர்த்து 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிமோகாக்கஸ்: 20 அல்லது 21 வகைக் கிருமிகளுக்கான இணைப்புத் தடுப்பூசி (கிருமியின் உறைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது) கிடைத்தால் ஒரே ஊசி போதும். 13 அல்லது 15 வகை இணைப்பு ஊசி போட்டால், குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகை ஊசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். 23 வகை ஊசியை முதலில் போட்டுவிட்டால், இணைப்புத் தடுப்பூசிக்குப் பெரியவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டிவரும். கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்வோம் என்று அவசரப்பட்டு இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மெனிஞ்சோகாக்கஸ்: ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்குச் சேர்த்து ஓர் ஊசி, 8 வார இடைவெளியில் 2 தவணை. பி வகைக்குத் தனி ஊசி. பலர் ஒன்றைப் போட்டுவிட்டு "மெனிஞ்சைடிஸ் ஊசி முடிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு ஊசிகள்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி வகைக்கான 'ஹிப்' ஊசி முன்பு போடாதவருக்கு ஒரு தவணை. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். ஃப்ளூவுக்குப் பின் வரும் நிமோகாக்கஸ் நிமோனியாதான் இவர்களுக்குப் பயம் என்பதால் இதை விடக் கூடாது. அட்டவணை நாட்டுக்கு நாடு சற்று மாறும், உங்கள் மருத்துவர் பின்பற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேளுங்கள். பிளேட்லெட் குறைபாட்டுக்காக மண்ணீரலை எடுத்தவர்களில் சிலர், எதிர்ப்பொருள் உருவாகக் காரணமான செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தும் எடுத்திருப்பார்கள். அதற்குப் பின் சுமார் ஆறு மாதம் வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு எந்த ஊசியும் வேண்டாம். ஊசியால் காய்ச்சல் வந்தால், அது ஊசிக் காய்ச்சலா தொற்றா என்று தெரியாமல் அறுவையே ரத்தாகிவிடும்.

இடுப்பு எலும்பு முறிந்து அவசரமாக மாற்ற வேண்டியிருந்தால்? ஊசிக்காக அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. அறுவை முடிந்து உடம்பு தேறும்போது, ஏறக்குறைய 2 வாரம் கழித்து, தொடங்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

4. கிருமி நுழையும் வழிகளை முன்பே அடையுங்கள்

பல்: சொத்தை, ஈறு வீக்கம், ஆடும் பல் இருந்தால் அறுவைக்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் ஏறினால் அதைப் பிடிக்க மண்ணீரலும் இல்லை, ஒட்டிக்கொள்ள உலோகம் காத்திருக்கிறது. அறுவை முடிந்த முதல் மூன்று மாதம் அவசரமில்லாத பல் வேலையைத் தவிர்ப்பது வழக்கம். அதனால் இப்போது விட்டால் பிறகு நெடுநாள் காத்திருக்க நேரும்.

தோல்: கால் விரலிடுக்குப் புண், பித்த வெடிப்பு, நகச்சுற்று, கொப்புளம். முழங்கால் மாற்றப்போகிறவர் பாதத்தைக் காட்ட மறந்துவிடுகிறார். அறுவை நாள் காலையில் செவிலியர் கண்டுபிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூக்கு: ஏறத்தாழ பத்தில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கும். பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். இருந்தால் முப்பிரோசின் களிம்பை நாளுக்கு இருமுறை, 5 நாள், இரண்டு மூக்குத் துளையிலும் தடவ வேண்டும். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் குளியல். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டுக் "களிம்பு போட்டாச்சு" என்பவர்கள் உண்டு, ஐந்து நாளும் வேண்டும். குளித்த பின் துவைத்த துணி, துவைத்த விரிப்பு. அதற்கு மேல் எண்ணெயோ கிரீமோ பூசாதீர்கள்.

முடி: காலிலுள்ள முடியை நீங்களே சவரம் செய்துகொள்ளாதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும். தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

சிறுநீர்: எரிச்சல், காய்ச்சல் என்று அறிகுறி இருந்தால் சிகிச்சை வேண்டும். அறிகுறி எதுவுமில்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், அதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதால் மூட்டுத் தொற்று குறைவதில்லை.

5. உடம்பைத் தயார் செய்யுங்கள்

இது எல்லா மூட்டு நோயாளிகளுக்கும் பொது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7.5க்கு அருகிலோ கீழோ வரட்டும். புகையைக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள், நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ரத்தசோகையைச் சரிசெய்யுங்கள். அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அறுவைக்கு மூன்று மாத இடைவெளி தேவை.

மண்ணீரல் இல்லாதவருக்கென்று ஒன்று கூடுதல்: நலமாக இருக்கும்போதே வெள்ளணு, பிளேட்லெட், சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சாதாரணமாகவே சற்று அதிகம் இருக்கும். அறுவைக்குப் பின் அந்த எண்ணைப் பார்த்து, "தொற்று" என்று பதறுவதும், "இவருக்கு எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும், இரண்டும் நடக்கிறது. பழைய எண் கையில் இருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

6. மருந்துகளையும் ஒவ்வாமையையும் தெளிவாக்குங்கள்

மண்ணீரல் இல்லாததால் ரத்தத் தொற்றைத் தடுக்கத் தினமும் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர், அறுவைக்கு வரும்போது அதை என்ன செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள். அறுவைக்கு முன் போடும் ஊசி மூட்டுக்கானது. அது ஒரு நாளில் நின்றுவிடும், தினசரி மாத்திரைக்கு மாற்று அல்ல. "ஆஸ்பத்திரியில்தான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களே" என்று வீட்டுக்கு வந்தும் மாத்திரையைத் தொடங்காதவர்கள் இருக்கிறார்கள். வாந்தியால் விழுங்க முடியாவிட்டால் ஊசியாகத் தர வேண்டும், கேளுங்கள்.

"எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்பவர் கட்டாயம் ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போங்கள். அப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. சிறு வயதில் வந்த ஒரு தடிப்பை நம்பி, தினசரி மாத்திரையிலும் அறுவை நேர மருந்திலும் சிறந்ததை இழந்துவிடுகிறார்கள்.

7. காய்ச்சல் தாளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பேன். ஒரே தாள். அதில் மண்ணீரல் இல்லை என்பது, எந்த மூட்டு, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, என்ன ஊசிகள், எப்போது, என்ன ஒவ்வாமை என்று இருக்க வேண்டும். பிறகு இரண்டு வழிகள்:

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர்நடுக்கம், குழப்பம், விடாத வாந்தி, மூச்சிரைப்பு வந்தாலோ: இதற்கென்று வீட்டில் வைத்திருக்கும் கையிருப்பு ஆன்டிபயாடிக்கின் முதல் தவணையை உடனே எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு.

காய்ச்சலோ மேற்சொன்ன எதுவுமோ இல்லாமல் காயத்தில் கசிவோ மூட்டில் வலியோ மட்டும் இருந்தால்: ஆன்டிபயாடிக் வேண்டாம், அன்றே மூட்டு மருத்துவரை அழைக்க.

இதை மூட்டு மருத்துவரிடமும், மண்ணீரலைக் கவனிக்கும் மருத்துவரிடமும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். எழுதியதைக் காட்டினால் பெரும்பாலும் இருவரும் எளிதில் ஒத்துப்போவார்கள். கையிருப்பு மாத்திரை எது என்றும் அப்போதே எழுதி வாங்கி, மருந்தை வீட்டில் வையுங்கள். காலாவதித் தேதியைத் தாளிலேயே குறியுங்கள்.

8. அறுவை நாளில் கேட்க வேண்டியவை

பொதுவாக செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை 2 கிராம், 120 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 3 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போடுவார்கள். கீறும்போது திசுவில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த நேரக் கணக்கு. அதற்குப் பதில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் மெதுவாக ஏற்ற வேண்டும், 120 நிமிடம் முன்பே தொடங்கலாம். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் செஃபசோலினை மறுபடி போடுவார்கள்.

மண்ணீரல் இல்லையே, பத்து நாள் ஊசி போட்டால் நல்லதுதானே என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் அறுவைக்கான மருந்தை 24 மணி நேரத்தைத் தாண்டி நீட்டிப்பதால் மூட்டுத் தொற்று குறைவதாகத் தெரியவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியும் கடும் வயிற்றுப்போக்கும்தான் கூடும்.

9. முதல் இரண்டு வாரம்: காயமும் தெர்மாமீட்டரும்

கட்டு நனையக் கூடாது, பிரிக்கவும் கூடாது. "உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்ப்போம்" என்று தூக்கிப் பார்ப்பது கிருமிக்குக் கதவைத் திறப்பது. முதல் சில நாள் லேசாக ரத்தநீர் கசியலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் கசிந்தாலோ, நின்றது மறுபடி தொடங்கினாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. அறுவைக்குப் பின் வலிக்காக ஆறு மணிக்கொரு முறை பாராசிட்டமால் கொடுப்பார்கள். அது காய்ச்சலையும் இறக்கிவிடும். அதனால் மாத்திரை போட்ட பிறகு வெப்பம் பார்த்து, "காய்ச்சல் இல்லை" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்பு வெப்பம் பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். உடம்பு நடுங்கினால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவை முடிந்த முதல் ஓரிரு நாள் லேசான காய்ச்சல் எல்லோருக்கும் வரக்கூடியது. நீங்கள் மருத்துவமனையில்தான் இருப்பீர்கள். இருந்தாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் புதிதாக வரும் செவிலியரிடம், "இவருக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்லுங்கள். அது தொல்லை கொடுப்பதாகாது.

10. காய்ச்சல் வந்துவிட்டால், இந்த வரிசையில்

முதலில் கையிருப்பு மாத்திரை. நேரத்தைத் தாளில் எழுதுங்கள். அடுத்து வண்டி. வண்டியில் ஏறிய பிறகு மருத்துவருக்கு போன். இந்த வரிசையை மாற்றி, முதலில் போன் செய்து பதிலுக்குக் காத்திருப்பதுதான் நான் பார்த்த மிகக் கொடிய தவறு.

அவசரப் பிரிவில் முதல் வாக்கியம்: "மண்ணீரல் இல்லை, காய்ச்சல், இத்தனை மணிக்கு இந்த மாத்திரை போட்டோம்." மூட்டைப் பற்றி அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம். ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு ஊசி போடுவார்கள், ஆனால் ரத்தம் எடுக்கத் தாமதமானால் ஊசி முதலில்.

மாத்திரை போட்டதால் பிறகு மூட்டு நீரில் கிருமி வளராமல் போகலாம். அது உண்மையான இழப்புதான். ஆனால் மூட்டை மறுபடி சோதிக்கலாம், திறந்து கழுவலாம், மாற்றவும் செய்யலாம். ரத்தத் தொற்றில் போன மணி நேரம் திரும்பாது. அதனால்தான் காய்ச்சல் இருந்தால் மண்ணீரல் விதி முந்துகிறது.

11. காயம் மட்டும் கெட்டால்

காய்ச்சல் இல்லை, ஆனால் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, சீழ் வருகிறது, குறைந்துவந்த வலி கூடுகிறது. இப்போது மூட்டு விதி முந்தும். பக்கத்து மருந்தகத்தில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால், மேலே சிவப்பு மறையும், உள்ளே படலம் கட்டிய கிருமி அப்படியே இருக்கும். முதல் சில வாரங்களுக்குள் திறந்து கழுவி நகரும் பகுதிகளை மாற்றினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. மாத்திரையில் அந்த நாட்களைக் கழித்துவிட்டால் மூட்டையே எடுக்க வேண்டிவரலாம். ஊசி வழியே மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும் வரை, உங்கள் தினசரி மாத்திரையைத் தவிர வேறு ஆன்டிபயாடிக் வேண்டாம். தினசரி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதை எடுப்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காத்திருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டால் பத்தாம் படிக்குப் போங்கள்.

12. மாதங்களும் ஆண்டுகளும் கழித்து

செயற்கை மூட்டுக்கு ரத்தத்தின் வழியே தொற்று எந்த ஆண்டிலும் வரலாம். நன்றாக இருந்த மூட்டு திடீரென்று வீங்கி வலித்தால், பத்து ஆண்டு ஆகியிருந்தாலும் அன்றே காட்டுங்கள்.

பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையில்லை. மண்ணீரல் இல்லை என்பதற்காகவோ செயற்கை மூட்டு இருக்கிறது என்பதற்காகவோ வழக்கமாகக் கொடுப்பதில்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வேறு காரணமும் சேர்ந்திருந்தால் மருத்துவர் தனியாக முடிவு செய்வார்.

நாய் கடித்தாலோ காயத்தை நக்கினாலோ, சிறு கீறல் என்று விடாதீர்கள். நாயின் எச்சிலில் உள்ள கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி மண்ணீரல் இல்லாதவரைக் கடுமையாகத் தாக்கும். சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே ஆன்டிபயாடிக்கும் வெறிநாய்க்கடி ஊசியும் தேவையா என்று பார்க்க வேண்டும். மலேரியா உள்ள பகுதிக்குப் போவதென்றால் தடுப்பு மாத்திரை இல்லாமல் போகாதீர்கள்.

மெனிஞ்சோகாக்கஸ் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஊசியை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். பி வகைக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. காய்ச்சல் தாளின் பின்பக்கத்தில் அடுத்த ஊசித் தேதியையும் கையிருப்பு மாத்திரையின் காலாவதித் தேதியையும் எழுதி, ஒரு பிரதியைப் பணப்பையில் வையுங்கள். இன்னொன்றை, இரவில் உங்களை வண்டியில் ஏற்றப்போகிறவரிடம் கொடுத்து, ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.